பல் பார்ப்பவரின் பிடரியும் நாரியும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டையொட்டி ஆனையிறவில் நடத்தப்பட்ட பற்சுகாதார முகாமுக்கு முதல்நாள் மாலை, அதில் பணியாற்ற வந்திருந்தோர் மத்தியில், சங்க உறுப்பினரான பல் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நாளை காலை இந்த மண்டபத்துக்கு உப்பளத்தில் வேலை செய்வோரும் அவர்களுடைய பிள்ளைகளும் வரப்போகிறார்கள். நோயாளரை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று சொல்ல நம்மிடையே பலர் இருக்கிறார்கள். வைத்தியம் செய்கிறவரின் பிடரியையும் நாரியையும் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஆகவே இந்த அரைமணி நேரத்தை அதற்கு எடுத்துக்கொள்ள விழாக் குழுவிடம் அனுமதி கேட்டேன். தந்ததற்கு நன்றி.

"இருந்துகொண்டு செய்கிற வேலைதானே, உங்களுக்கு என்ன நோவு?" பல் வைத்தியத்துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் இதைக் கேட்டிருப்போம். வெய்யிலில் உப்பு வாரிக் கடகத்தில் சுமக்கிறவருக்கு நாரி உளைந்தால் எவரும் நம்புவார்கள். மின்விசிறியின் கீழ் இருந்து, ஒரு தேக்கரண்டி எடைகூட இல்லாத கருவியைப் பிடிப்பவருக்கு நோகிறது என்றால் நம்புவதற்கு யோசிப்பார்கள். பல வேளைகளில் அந்த நோவை நாமே நம்புவதில்லை. இன்றைய பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு வாளித் தண்ணீரைக் கிணற்றடியிலிருந்து குசினி வரைக்கும் தூக்கி வந்துவிடலாம். பாதியளவு தண்ணீர் உள்ள வாளியைக் கையை நீட்டி, அசையாமல் பிடித்துக்கொண்டு அதே கிணற்றடியில் நின்று பாருங்கள். சற்று நேரத்தில் தோள் எரியும், கை நடுங்கும். நடக்கும்போது தசை சுருங்கி விரிகிறது, அந்த விரிவில் இரத்தம் உள்ளே போய்க் கழிவை வெளியே எடுத்துவருகிறது. அசையாமல் பிடிக்கும்போது தசை சுருங்கியபடியே நிற்கிறது. அதற்குள் ஓடும் நுண்ணிய குழாய்கள் நசுங்குகின்றன. தேவை கூடுகிற நேரத்தில்தான் இரத்தம் குறைகிறது. பல் வைத்தியரின் வேலை இந்த இரண்டாவது வகை. பாரம் சிறிது, பிடித்திருக்கும் நேரம் பெரிது.

பாரம் சிறிது என்று சொன்னதும் முழு உண்மை அல்ல. நமது தலையே ஏறக்குறைய 5 கிலோ. அது கழுத்துக்கு நேர் மேலே இருக்கும்வரை முள்ளந்தண்டு அதை இலகுவாகத் தாங்கும். முன்னே குனியக் குனியப் பிடரித் தசைகள் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். 2014இல் வெளியான ஒரு கணிப்பின்படி, தலை 15 பாகை குனிந்தால் கழுத்தில் விழும் பாரம் ஏறக்குறைய 12 கிலோ, 30 பாகையில் 18 கிலோ, 60 பாகையில் 27 கிலோ. இது கணித மாதிரி ஒன்றிலிருந்து வந்த எண். ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனாலும் கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தை எட்டிப் பார்க்கிறபோது நம் பிடரி என்ன சுமக்கிறது என்பதற்கு அது நல்ல அளவுகோல்.

முன்னைய காலத்தில் பல் வைத்தியர் நின்றுகொண்டே வேலை செய்தார். 1950களின் இறுதியில் முழுதாகச் சாயும் கதிரை வந்தது. 1960களில், வைத்தியரும் உதவியாளரும் இருந்தபடி நான்கு கைகளால் வேலை செய்யும் முறை பரவியது. கால் நோவுக்கும் நரம்புச் சுருளுக்கும் அது ஓரளவு விடுதலை தந்தது. நாரி நோவு போகவில்லை. பிடரியும் தோளும் அதோடு சேர்ந்துகொண்டன. 2009இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரையில், பல் வைத்தியத்துறையினரில் 64 தொடக்கம் 93 சதவீதம் வரையானோருக்குத் தசை, மூட்டு நோவு இருந்ததாகக் கண்டார்கள். பல் வைத்தியருக்கு நாரியும் கழுத்தும் முதலிடம். பல் துப்புரவு செய்வோருக்குக் கையும் மணிக்கட்டும் முதலிடம். நிற்பதோ இருப்பதோ தனியே மருந்தல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. எப்படி நிற்கிறோம், எப்படி இருக்கிறோம், எவ்வளவு நேரம் மாறாமல் இருக்கிறோம் என்பவைதான் காரியம்.

இந்த விடயம் ஒரு பெண்கள் கல்லூரியின் பழைய மாணவியரிடம் பேசவேண்டியதாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1921இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் பெண்களைப் பாடசாலைப் பல் தாதியராகப் பயிற்றும் முறை தொடங்கியது. 1950களின் தொடக்கத்தில் கொழும்புத் திட்டத்தின் கீழ், அந்நாட்டு உதவியோடு அதே முறை இலங்கைக்கு வந்து மகரகமவில் பயிற்சி நிலையம் அமைந்தது. இன்று நாம் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என்று அழைப்பவர்கள் அந்த வழி வந்தவர்களே. பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பார்ப்பது பிள்ளைகளின் சிறிய வாய். பிள்ளை அசையும், அழும், வாயை மூடும். எட்டு வயதுப் பிள்ளையின் கடைவாயைப் பார்க்க, ஆள் தன்னையறியாமல் வளைந்து போவாள். பெரியவர்களுக்கென்று செய்த கதிரையில் பிள்ளையை இருத்தினால் அந்த வளைவு இன்னும் கூடும். வன்னியில் அப்படி ஒருவர் கை நோவால் மூன்று மாதம் லீவில் நின்றால், அந்தச் சுற்றுவட்டாரப் பிள்ளைகளின் பல் மூன்று மாதம் காத்திருக்க நேரிடும். ஆகவே இதை ஒருவரின் சொந்த நோவு என்று ஒதுக்கிவிட முடியாது.

நாமோ சொல்வதில்லை. "வயசு போகுது", "பிள்ளை பெத்த நாரி", "நேற்று மோட்டார் சைக்கிளில வந்ததால" என்று ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கிறோம். வீட்டுக்குப் போய்த் திருவலையில் இருந்து தேங்காய் திருவுகிறோம். அங்கும் குனிந்த கழுத்து, அங்கும் சுழலும் மணிக்கட்டு. பகல் முழுதும் ஸ்கேலர் பிடித்த கைக்கு மாலையிலும் ஓய்வில்லை. வேலைத்தல நோவு பற்றிய புத்தகங்கள் வேலைநாளை நாலு மணிக்கு முடித்துவிடுகின்றன. நமது வேலைநாள் அப்போது முடிவதில்லை என்பதை நாமே கணக்கில் எடுக்க வேண்டும். வீட்டிலுள்ளவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

எந்த நோவைக் கவனிக்க வேண்டும்? வேலை முடிந்ததும் வந்து, இரவு நித்திரையோடு போய்விடும் அலுப்பு முதல் எச்சரிக்கை. காலையில் எழும்பும்போதும் அது இருந்தால் இரண்டாவது எச்சரிக்கை. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து, இரவில் கையை உதறிக்கொண்டு எழும்புகிறீர்கள் என்றால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறதா என்று பார்க்க வேண்டும். பெருவிரல் பக்கமாக மணிக்கட்டில் குத்தினால், 1895இல் சுவிற்சர்லாந்தின் டி கெர்வேன் விவரித்த தசைநாண் அழற்சியாக இருக்கலாம். கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மாருக்கும் அது அடிக்கடி வரும். ஆகவே பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் தங்கைமார் இரட்டிப்புக் கவனமாக இருங்கள். கையில் பிடித்த பொருள் தானாக விழுந்தாலோ, கை கால் பலம் குறைந்தாலோ தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள். நாரி நோவோடு தொடைகளின் உட்பக்கம் மரத்து, சலம் போவதில் மாற்றம் வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இனித் தடுக்கும் வழிகள். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். நோயாளர் வாயைத் திறப்பதற்கு முன்பே நம் முதுகின் நிலை தீர்மானமாகிவிடுகிறது. வாய்க்குள் பார்க்கத் தொடங்கிய பிறகு எவருக்கும் தன் முதுகு நினைவில் வராது. ஆகவே ஒழுங்கை முதலிலேயே செய்துவிட வேண்டும்.

முதலில் உங்கள் ஸ்டூல். பாதம் இரண்டும் நிலத்தில் முழுதாகப் பதிய வேண்டும். தொடை சற்றுக் கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். உடலுக்கும் தொடைக்கும் இடையில் 110 பாகை அளவில் கோணம் இருந்தால் நாரியின் இயல்பான உள்வளைவு கெடாது. உதவியாளரின் ஸ்டூல் வைத்தியருடையதைவிட 10 தொடக்கம் 15 சென்ரிமீற்றர் உயரமாக, கால் வைக்கத் தாங்கியோடு இருக்க வேண்டும். முகாம்களில் உதவியாளருக்குக் கிடைப்பது மிஞ்சிய கதிரை. முழுநாளும் உடலை முறுக்கிக்கொண்டு இருப்பவர் அவர்தான். அவரை மறக்காதீர்கள்.

இரண்டாவது, நோயாளரின் உயரம். தோளைத் தளரவிட்டு, மேற்கையை உடலோடு ஒட்டினாற்போல வைத்து, முழங்கையை மடக்குங்கள். உங்கள் விரல் எங்கே நிற்கிறதோ அங்கே நோயாளரின் வாய் வரவேண்டும். வாய் இருக்கும் இடத்துக்குக் கை போகக் கூடாது. கண்ணுக்கும் வாய்க்கும் இடையில் 35 தொடக்கம் 40 சென்ரிமீற்றர் தூரம் போதும். தலையை 20, 25 பாகைக்கு மேல் குனிய விடாதீர்கள்.

மூன்றாவது, நோயாளரின் தலை. மேல்தாடை என்றால் முழுதாகச் சாய்த்து நாடியை உயர்த்தச் சொல்லுங்கள். கீழ்த்தாடை என்றால் முதுகுப் பக்கத்தைச் சற்று நிமிர்த்தி நாடியை இறக்கச் சொல்லுங்கள். "அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கோ" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அவருக்கு அது ஒருமுறை அசைவு. நமக்கு ஒரு நாளில் இருபது வளைவு மிச்சம். ஆனால் கர்ப்பிணித் தாய்மாரை நேர் மல்லாக்காகப் படுக்கவைக்க வேண்டாம், இடப்பக்கம் சற்றுச் சரித்துவிடுங்கள். உப்பளத்தில் சுமை தூக்கிக் கழுத்து நோவோடு வருகிறவரிடம், எவ்வளவு சாயலாம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது, நாம் இருக்கும் திசையும் வெளிச்சமும். நோயாளரின் தலையை மணிக்கூட்டின் நடுவாக நினைத்தால், வலக்கைக்காரர் 9 மணியிலிருந்து 12 மணி வரையான இடத்தில் நகர்ந்துகொண்டே இருக்கலாம். இடக்கைக்காரருக்கு அதுவே மறுபக்கம். ஒரே இடத்தில் இருந்து எல்லாப் பல்லையும் பார்க்க முயல்வதுதான் முதுகை முறுக்குகிறது. விளக்கு நம் பார்வைக் கோட்டுக்கு அருகில் இருக்கட்டும். மேல்தாடைக்குக் கண்ணாடியைப் பயன்படுத்துங்கள். படிக்கும் காலத்தில் கண்ணாடியில் பார்த்து வேலை செய்யப் பழகியவர்கள், பிற்பாடு அவசரத்தில் அதைக் கைவிட்டுவிட்டு நேரே எட்டிப் பார்க்கிறோம். உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்குவோர் பெருக்கத்தை மட்டும் பார்க்காமல், வில்லை எவ்வளவு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். சாய்வு போதாத கண்ணாடி கழுத்தை இன்னும் குனிய வைக்கும்.

ஐந்தாவது, கை. மெல்லிய பிடியுள்ள கருவியை இறுக்கமாகக் கிள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், 10 மில்லிமீற்றர் விட்டமும் 15 கிராம் எடையும் உள்ள பிடிக்குத்தான் கைத்தசை மிகக் குறைவாக உழைத்தது. அடுத்தமுறை கருவிகளுக்கு எழுதும்போது இதை நினையுங்கள். கூர் மழுங்கிய கருவி நம் பலத்தைக் கேட்கும். தீட்டிய கருவி தானே வேலை செய்யும். மோதிரவிரலை ஒரு பல்லில் ஊன்றி வேலை செய்யுங்கள். இறுக்கமான கையுறை பெருவிரலின் அடியை நாள் முழுதும் இழுத்துக்கொண்டிருக்கும். அளவான கையுறை சொகுசு அல்ல, பாதுகாப்பு.

ஆறாவது, மாற்றமும் ஓய்வும். நல்ல இருப்பு என்று ஒன்று இருந்தாலும் அதிலேயே ஒரு மணிநேரம் உறைந்து இருந்தால் அதுவும் கெட்ட இருப்பாகிவிடும். கஷ்டமான வேலை ஒன்றுக்குப் பிறகு இலகுவான வேலை ஒன்றைப் போடுங்கள். ஊசி போட்டு மரக்கும்வரை காத்திருக்கும் நேரத்தில் எழும்பி நில்லுங்கள். வேலையில் முன்னே குனிந்தவர் ஓய்வில் பின்னே நிமிர வேண்டும். இரண்டு கையையும் நாரியில் ஊன்றி மெதுவாகப் பின்னே சாயுங்கள், தோள்களைப் பின்னே உருட்டுங்கள், விரல்களை விரித்து மூடுங்கள். அரை நிமிடம் போதும். வீட்டில் நடையும், முதுகுக்கும் வயிற்றுக்கும் பலம் தரும் பயிற்சியும் நல்லவை. தைலமும் ஒத்தடமும் ஆறுதல் தரும். ஆனால் அவை எதுவும் பிழையான உயரத்தில் உள்ள கதிரையைச் சரிசெய்யாது. கதிரையைத் திருத்தாமல் முதுகுக்கு மட்டும் மருந்து போடுவது, கூரை ஒழுக்கைப் பாராமல் நிலத்தைத் துடைப்பது போல.

இப்போது நாளைய முகாமுக்கு வருவோம். இங்கே பற்சிகிச்சைக் கதிரை இல்லை. பிளாஸ்ரிக் கதிரைகளும் மேசைகளும் வாங்குகளும் உண்டு. பிளாஸ்ரிக் கதிரையில் இருப்பவரின் வாய் நம் இடுப்பு மட்டத்தில் இருக்கும். அப்படி நூறு பேரைக் குனிந்து பார்த்தால் அடுத்தநாள் நாமும் நோயாளர் வரிசையில்தான் நிற்போம். ஆகவே பரிசோதனைக்கு இரண்டு மேசைகளைச் சேர்த்து, மேலே மெத்தை விரித்து, பிள்ளைகளைப் படுக்கவைப்போம். நாம் தலைமாட்டில் இருப்போம். சின்னஞ்சிறு பிள்ளை என்றால் தாயும் நாமும் முழங்காலோடு முழங்கால் முட்ட எதிரெதிரே இருந்து, பிள்ளை தாயைப் பார்த்தபடி தலையை நம் மடியில் சாய்க்கட்டும். பிள்ளையும் பயப்படாது, நாமும் வளையத் தேவையில்லை. பல் பிடுங்குவது நின்றுகொண்டுதான். நோயாளரின் வாய் நம் முழங்கை மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே வரும்படி, கட்டையானவர்கள் மரப் பெட்டியில் ஏறி நிற்கலாம், தேவையானால் கதிரையின் கீழ் பலகை வைக்கலாம். நாற்பத்தைந்து நிமிடம் பல் பார்த்தவர் அடுத்துப் பதிவு எழுதுவார். எழுதியவர் பல் பார்ப்பார். மாறிமாறிச் செய்தால் முகாம் பிந்தாது.

கடைசியாக, நம் முன்னே வந்து வாயைத் திறக்கப்போகிறவர்களைப் பற்றி. இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமாஸினி 1700இல் தொழிலாளரின் நோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளரிடம் கேட்கும் கேள்விகளோடு "என்ன தொழில் செய்கிறீர்?" என்பதையும் கேளுங்கள் என்று வைத்தியருக்குச் சொன்னவர் அவர். அந்த நூலில் ஓர் அத்தியாயம் உப்பளத் தொழிலாளரைப் பற்றியது. முந்நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. நாளை நமது பதிவு அட்டையிலும் அந்தக் கேள்வி இருக்கட்டும்.

ஆனையிறவு உப்பளம் 1930களின் பிற்பகுதியில் தொடங்கியது. 1990இல் போரோடு உற்பத்தி நின்றது. பின்னர் மெல்ல மீண்டு, 2025 மார்ச்சில் மேசை உப்புத் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது. இயந்திரம் வந்தாலும், கடல்நீர் பாத்தியில் காய்ந்து உப்பாக விளைந்த பிறகு அதை வாருவதிலும் குவிப்பதிலும் சுமப்பதிலும் மனித முதுகின் பங்கு இன்னும் போய்விடவில்லை. மாரிக்கு முன் வாரிவிட வேண்டும் என்ற அவசரமும் உண்டு. அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் 1991இல் திருத்திய தூக்கும் சமன்பாட்டில், மிக வசதியான நிலையில் தூக்குவதற்கே எல்லை 23 கிலோ. உடலிலிருந்து தள்ளி, நிலத்திலிருந்து, முறுக்கியபடி, திரும்பத் திரும்பத் தூக்கினால் அந்த எல்லை வேகமாகக் குறையும். வழுக்கும் பாத்தியில் ஈரமான உப்பைத் தூக்குவது எந்த வகையில் சேரும் என்பதை நீங்களே கணக்குப் பாருங்கள்.

அவர்களுக்கு "குனியாதீங்கோ, பாரம் தூக்காதீங்கோ" என்று அறிவுரை சொல்லி அனுப்பாதீர்கள். கடகத்தின் அளவையும் வாரும் கட்டையின் நீளத்தையும் அவர்கள் தீர்மானிப்பதில்லை. சிறிய கடகம், நீண்ட பிடி, தள்ளுவண்டி, இருவர் சேர்ந்து தூக்குதல், நிழலில் இடைவேளை என்பவை வேலை தருபவர் செய்து கொடுக்க வேண்டியவை. நாம் செய்யக்கூடியது, நோவை விசாரித்து அட்டையில் எழுதுவதும், தேவையானவரைக் கிளிநொச்சி வைத்தியசாலைக்கு அனுப்புவதும், எழுதியவற்றைத் தொகுத்து உரியவர்களிடம் கொடுப்பதும்தான். நம்முடைய ஸ்டூலின் உயரத்தை நாம் ஒரு பிடியைத் திருகி மாற்றிவிடலாம். அவர்களிடம் அப்படி ஒரு பிடி இல்லை. இந்த வித்தியாசத்தை மறக்காமல் நாளைக்கு வேலை செய்வோம்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு விழாவில் பொன்னாடைக்கும் நினைவுச் சின்னத்துக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, வன்னியிலுள்ள சில பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களுக்கு உயரம் மாற்றக்கூடிய ஸ்டூல்கள் வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டு, ஒன்று சிகிச்சை செய்பவருக்கு, மற்றது உதவியாளருக்கு. பொன்னாடை அலுமாரிக்குள் போய்விடும். நல்ல ஸ்டூல் ஒன்று ஒரு பெண்ணின் தொழிலைப் பல வருடம் நீட்டித்துக் கொடுக்கும். அவளுடைய கையால் எத்தனையோ பிள்ளைகள் நோவில்லாமல் சாப்பிடுவார்கள்.

நாளை காலை ஏழு மணிக்கு மேசைகளைச் சேர்ப்போம். முதல் நோயாளரைக் கூப்பிடுவதற்கு முன், ஒவ்வொருவரும் தத்தம் இருக்கையின் உயரத்தைப் பாருங்கள்.